உட்கார்ந்தவரை எழுப்பக்கூடாது

கண்ணை மூடி உட்கார்ந்திருந்த பெண்ணின் தோளைச் சாமியார் தொட்டதும் அவள் "ஐயோ அம்மா!" என்று அலறிவிட்டாள். அவள் அலறியதில் பக்கத்து மெத்தையில் இருந்த வங்கி மேலாளர் பதறி எழுந்தார். அவருக்குக் கால் மரத்துப்போயிருந்தது. முன்னால் உட்கார்ந்திருந்தவர் முதுகில் போய் விழுந்தார். அவ்வளவுதான், காலைத் தியான வகுப்பு போயே போச்சு. யாரோ சிரித்தார்கள், யாரோ உச்சுக் கொட்டினார்கள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. மூச்சு ஒழுங்கா போகுதான்னு பாத்தேன்," என்றார் சாமியார். அவரவர் மூச்சை அவரவர் பாருங்கள் என்று சொல்லித்தானே இத்தனை வருடம் அவர் பிழைப்பு ஓடியது? "சார், இன்னைக்குத்தான் சார் மொதமொதலா எனக்கு மனசு நின்னுச்சு," என்றாள் அந்தப் பெண், அழாத குறையாக. சாமியாரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் கைகளைப் பார்த்தார். இரண்டும் மடியில் ஒழுங்காக இருந்தன.

சாமியார் என்றதும் தாடியும் ருத்திராட்சமும் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பேண்ட் போட்டவர், அரைக்கைச் சட்டை போட்டவர், தினமும் சவரம் செய்துகொள்கிறவர். வாலிப வயதில் வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல் கிளம்பிப்போய் ஒரு புத்த மடத்தில் சேர்ந்து, தலையை மழித்துத் துவராடை உடுத்திச் சில வருடங்கள் இருந்தது உண்மைதான். பிறகு அதுவும் போதுமென்று திரும்பி வந்து, முறையாக உளவியல் படித்துப் பட்டம் வாங்கினார். டைல்ஸ் கடைக்கு மேலே முதல் மாடியில் ஓர் அறை, இரண்டு நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி. அங்கே மனது உடைந்தவர்கள் வந்து பேசுவார்கள், அவர் கேட்பார். அதற்கும் மேலே இரண்டாவது மாடியில் ஒரு கூடம், நீல மெத்தைகள், காது சற்று உடைந்த ஒரு கல் புத்தர், ஒரு வெண்கலக் கிண்ணம். அங்கே எல்லோரும் கண்ணை மூடி உட்காருவார்கள், அவர் கிண்ணத்தைத் தட்டுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாமியார் என்கிற பெயரை வைத்தது அவருடைய அத்தான், அதாவது அக்காவின் கணவர். அதுவும் மரியாதைக்காக வைத்த பெயரா என்ன? கிண்டலுக்கு வைத்தது. வைத்தவருக்கு இன்றைக்கு மிச்சமிருப்பது அந்த ஒரு வார்த்தைதான் என்பது வேறு கதை. வேறு கதை என்ன, இதுதான் கதை.

வகுப்பு கலைந்தபின் மெத்தைகளைத் தட்டி அடுக்கிக்கொண்டே, கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் பேச்சை ஆரம்பித்தாள். தட்டச்சு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். எல்லோருக்கும் அவள் மெத்தை அம்மா. "சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நடுவுல நடுவுல பூனை மாதிரி நடந்து வந்து ஆளாளுக்கு மூக்குகிட்ட குனிஞ்சு பாக்குறீங்களாம். பயமா இருக்குன்னு சொல்றாங்க. சாயங்கால வகுப்புல பாதிப் பேரு நின்னுட்டாங்க."

"தெரியும்மா."

"தெரிஞ்சே செஞ்சா எப்படி சார்? உக்காந்தவங்கள எழுப்பக் கூடாதுன்னு எனக்கே நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கையிலிருந்த மெத்தையைத் தேவைக்கு மேலேயே தட்டினாள். அவள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அந்த மடத்துப் பெரியவர் அவருக்குச் சொன்ன முதல் பாடம் அதுதான். மணி அடித்த பிறகும் ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருந்தால், மனம் நல்ல ஆழத்துக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். தொடாதே, கூப்பிடாதே, விளக்கைப் போடாதே, மற்றவர்களை நுனிக்காலில் வெளியே போகச் சொல். சாமியாரும் தன் கூடத்தில் அதை ஒரு வழக்கமாகவே வைத்திருந்தார். எப்போதாவது யாராவது அப்படி உட்கார்ந்துவிட்டால், போகிற ஒவ்வொருவரும் அவரை ஒரு பொறாமையோடு பார்த்துக்கொண்டே போவார்கள். மறுநாள் அதைப் பற்றிப் பேச்சாகவே இருக்கும்.

அத்தானுக்கு இந்த விஷயமெல்லாம் எப்போதுமே சிரிப்புதான். காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுகிறவர் அவர். சும்மா சொல்லக்கூடாது, மனுஷருக்கு என்ன தொண்டை! தக்காளிக் கூடையின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு அவர் விலை கூற ஆரம்பித்தால் பஸ் நிலையத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "ஒரு தரம்," என்று இழுப்பார். "ரெண்டு தரம்," என்று கொஞ்சம் ஏற்றிச் சொல்லி, கையைத் தலைக்கு மேலே தூக்கி அப்படியே நிறுத்திவிடுவார். அந்தக் கை இறங்குகிறவரை வாங்க வந்தவன், விற்க வந்தவன், மூட்டை தூக்குகிறவன் ஒருத்தனும் மூச்சு விடமாட்டான். மூச்சைக் கவனிப்பது எப்படி என்று மச்சான் வகுப்பு நடத்துகிறார் என்று கேள்விப்பட்டபோது, "மூச்ச விடறதுக்கு வகுப்பு நடத்துற ஒரே ஆளு நம்ம சாமியார்தான்யா. அடுத்தது கண்ண சிமிட்டறதுக்கு நடத்துவாரு, பாத்துட்டே இரு," என்று சந்தை முழுக்கச் சொல்லிச் சிரித்தார். வீட்டுக்கு வந்தாலும் அதேதான். "வாங்க சாமியாரே! இன்னைக்கு எத்தனை பேரத் தூங்க வெச்சீங்க?" சாமியாருக்கு அதில் கோபம் வந்ததே இல்லை. அந்தக் கேலி இல்லாவிட்டால் அந்த வீட்டுக்கு வந்த மாதிரியே இருக்காது.

அந்த மனிதரை வகுப்புக்கு அனுப்பியது அக்காதான். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது, மாத்திரை கூடிக்கொண்டே போனது. டாக்டர் கத்தாதீர்கள் என்றார். கத்துவதே தொழிலாக இருக்கிறவரிடம் அதைச் சொல்லி என்ன பிரயோஜனம்? "என் தம்பிகிட்டப் போயி கொஞ்ச நேரமாவது வாய மூடிட்டு உக்காருங்க. எனக்காகப் போங்க," என்று அக்கா பிடித்த பிடியாக நின்றாள். அத்தானும் வந்தார். முட்டி மடங்காது என்பதால் தூணில் சாய்ந்து உட்கார வைத்தார்கள். வந்தவர் சும்மா இருந்தாரா? இருமினார், சொறிந்தார், பக்கத்தில் இருப்பவரிடம் குசுகுசுவென்று தக்காளி விலை சொன்னார். ஒரு கண்ணை மட்டும் திறந்து சாமியாரைப் பார்த்துக் கண்ணடித்ததில் சாமியாருக்கே சிரிப்பு வந்து கிண்ணத்தைத் தப்பான நேரத்தில் தட்டிவிட்டார். இப்படியே சில வாரங்கள் போயின.

ஒருநாள் சாயங்காலம் அத்தான் அடங்கினார். இருமல் இல்லை, சொறிதல் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த சாமியார் பாதிக் கண் திறந்து பார்த்தார். அத்தானின் முகத்தில் இருந்த இறுக்கமெல்லாம் இளகியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய வலது கை முழங்காலிலிருந்து மெதுவாக நழுவித் தரையில் போய் விழுந்து, உள்ளங்கை மேலே பார்க்கக் கிடந்தது. விட்டுவிட்டார், என்று சாமியார் நினைத்துக்கொண்டார். பிடித்து வைத்திருந்ததையெல்லாம் மனுஷர் ஒருவழியாக விட்டுவிட்டார். அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கிண்ணத்தை வழக்கத்தைவிட மெல்லத் தட்டினார். எல்லோரும் எழுந்தார்கள், அத்தான் எழவில்லை. சாமியார் உதட்டில் விரலை வைத்துக் காட்ட, எல்லோரும் நுனிக்காலில் நடந்து வெளியே போனார்கள். மெத்தை அம்மா மெத்தைகளை அடுக்காமல் அப்படியே விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். சாமியார் மட்டும் எதிரே உட்கார்ந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தார். "உன் வீட்டுக்காரர் என்னையே மிஞ்சிட்டாருக்கா" என்று ஆரம்பிக்கலாமா? வாய் ஓரத்தில் எச்சில் வழிந்தது. ஆழத்தில் இருப்பவர்களுக்கு அப்படி வழிந்து அவர் பார்த்திருக்கிறார். கீழே டைல்ஸ் கடையின் ஷட்டரைத் தடதடவென்று இழுத்து மூடினார்கள், கட்டடமே அதிர்ந்தது, அத்தானின் இமைகூட அசையவில்லை. அப்போதும் சாமியார் அதை மெச்சத்தான் செய்தார். வேட்டி நனைந்து, ஈரம் மெத்தையைத் தாண்டித் தரையில் ஓடி வந்து தன் காலைத் தொட்ட பிறகுதான் அவருக்கு விளங்கியது.

மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எப்ப ஆரம்பிச்சுதுன்னு யாருக்காவது தெரியுமா?" என்பதுதான். மூளையில் அடைப்பு, அதைக் கரைக்க ஒரு மருந்து உண்டு, ஆனால் ஆரம்பித்துக் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏற்றியாக வேண்டும். அக்கா அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள்; கால் மாற்றிச் செருப்புப் போட்டிருந்தாள். சாமியார் மறைக்கவில்லை. மறைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. கை நழுவியதைச் சொன்னார், மணி அடித்ததைச் சொன்னார், அதற்கப்புறம் எவ்வளவு நேரம் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்பதையும் சொன்னார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தார். அக்கா திரும்பினாள்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

அக்கா தோளிலிருந்து சரிந்த பையைச் சரிசெய்துகொண்டாள். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா…" என்று டாக்டர் ஆரம்பித்து, நல்ல மனிதர், முடிக்காமல் விட்டுவிட்டார்.

அன்றோடு சரி. அதற்குப் பிறகு அக்கா அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அதுதான் சாமியாருக்குத் தாங்கவில்லை. அவரை வளர்த்தது அக்காதான், அதுவும் திட்டித் திட்டியே வளர்த்தாள். ஒல்லியாக இருப்பதற்குத் திட்டு, கல்யாணம் வேண்டாமென்றதற்குத் திட்டு, பிய்ந்த செருப்பை ஊக்கால் குத்திக்கொண்டு வருவதற்குத் திட்டு. மடத்திலிருந்து மொட்டைத் தலையோடு வாசலில் வந்து நின்றபோது, "வந்துட்டியா முட்டைத் தலையா? கால கழுவிட்டு உள்ள வந்து தொலை," என்றாளே தவிர, ஏன் போனாய், ஏன் வந்தாய் என்று இன்றுவரை ஒரு கேள்வி கேட்டதில்லை. அந்தத் திட்டு போதும், அவர் வீடு வந்து சேர்ந்துவிட்டார். அப்படிப்பட்டவள் இப்போது தினமும் சாயங்காலம் அவர் போகும்போது, "வாப்பா, உக்காரு. டீ போடட்டுமா?" என்கிறாள். எப்போதும் காது உடைந்த குவளையில் அவருக்கு டீ வரும். இப்போது விருந்தாளிகளுக்கென்று கண்ணாடி அலமாரியில் இருக்கும் பூப்போட்ட கோப்பையில், சாசரோடு வருகிறது. முதல் நாள் அந்தக் கோப்பையைப் பார்த்தபோது அவருக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

ஒருநாள் அவர் துணிந்து ஆரம்பித்தார். ஆரம்பித்ததும் தவறாகத்தான் ஆரம்பித்தார். முதல் மாடி அறையில் வருகிறவர்களிடம் பேசுகிற குரல் வந்துவிட்டது. "அக்கா, உனக்கு என்மேல கோவம் இருக்கும். இருக்கணும். அத உள்ளயே வெச்சுக்காம வெளிய சொல்லிட்டா…"

"எனக்கு என்னப்பா கோவம்? விதி, நடந்துபோச்சு," என்றாள் அக்கா. "அவருக்கு மாத்திர நேரம். அந்தத் தண்ணிச் செம்ப எடு."

ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை திட்டியிருந்தால் போதும், அவர் காலில் விழுந்திருப்பார். எதற்காகக் காலில் விழுவது? கோபமே இல்லை என்கிறவளிடம் எதற்கு மன்னிப்புக் கேட்பது? செம்பை எடுத்துக் கொடுத்தார்.

அத்தான் வாசல் அறையில் பிரம்பு நாற்காலியில் இருந்தார். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது, ஒரு வார்த்தையைத் தவிர. எந்தப் புண்ணியவான் அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தானோ, அந்த ஒரு வார்த்தை "சாமியாரே." தண்ணீர் வேண்டுமென்றால் சாமியாரே. மின்விசிறியைக் குறைக்க வேண்டுமென்றால் சாமியாரே. வலித்தால் சாமியாரே. தன்னைக் கழுவிவிடும் பெண்டாட்டியைப் பார்த்து, கண் கலங்கி, ஏதோ நீளமாகச் சொல்ல வாயெடுப்பார், வருவது சாமியாரே. சில சமயம் இப்படி ஒரே வார்த்தை தங்கிவிடும், அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். அர்த்தம் இல்லையாம். அக்காவின் பெயர் தங்கவில்லை, பிள்ளையைக் கொஞ்சுகிற மாதிரி அவளை அவர் கூப்பிடும் பெயர் ஒன்று உண்டு, அதுவும் தங்கவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரத்துக்கு ஒருமுறை ஒரு பெண் வந்தாள். கெட்டிக்காரி. தினமும் வாய் பழகிய வரிசைகள் மட்டும் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சொல்லி, அவர் முன்னால் உட்கார்ந்து, "ஒரு தரம்…" என்று ஏல ராகத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். அக்கா கதவோரம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அத்தானின் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. "சா… சாமியாரே," என்றார். சொன்னதும் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்து, இடது கையால் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டார். அக்கா உள்ளே போய் ஒரு காரணமும் இல்லாமல் குழாயைத் திறந்துவிட்டாள்.

அந்த வாரம் டைல்ஸ் கடை மாடி அறைக்கு, வழக்கமாக வருகிற ஒரு பஸ் டிரைவர் வந்திருந்தார். அவருடைய பஸ்ஸின் பின் சக்கரத்தில் ஒரு சைக்கிள்காரர் விழுந்து இறந்துபோனார். டிரைவர் மேல் தப்பில்லை என்று தீர்ப்பே ஆகிவிட்டது; அவருக்குத்தான் தூக்கம் வரவில்லை. சாமியார் அவருக்கு வழக்கமாகச் சொல்கிற ஒன்று உண்டு: "அந்த நேரத்துல உங்களுக்கு என்ன தெரிஞ்சுதோ, அத வெச்சுத்தான் நீங்க நடந்துக்க முடியும்." எத்தனையோ பேருக்கு அவர் சொன்னதுதான். சொன்னதும் அவர்கள் தோள் கொஞ்சம் இறங்கும், ஒரு டிஷ்யூ எடுப்பார்கள், அடுத்த வாரம் வருவார்கள். அன்று டிரைவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "டாக்டர், இத நான் கோர்ட்டுலயும் சொல்லல, வீட்டுலயும் சொல்லல. சைடு கண்ணாடியில நான் பாத்தேன். சைக்கிள் லேசா ஆடுச்சு. சரியாயிடுவாருன்னு நெனச்சேன். பாத்துட்டேதான் போனேன்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தார். அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தார். கீழே டைல்ஸ் அறுக்கிற இயந்திரம் கத்திக்கொண்டிருந்தது. சாமியார் வாயைத் திறந்தார்.

"சொல்லுங்க டாக்டர்."

"எனக்குத் தெரியலங்க," என்றார் சாமியார். "பாத்துட்டே இருந்தவன் என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல."

டிரைவர் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு தன் பக்கம் இருந்த டிஷ்யூ பெட்டியை மேசை மேல் மெதுவாக அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். "டாக்டர், நீங்க வேணா இன்னைக்கு லீவு எடுத்துக்கங்களேன்," என்றார்.

அன்று சாயங்காலம் சாமியார் அக்கா வீட்டுக்குப் போனபோது அவள் வாசலிலேயே நிறுத்தினாள். உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். அத்தானுக்கு ராத்திரித் தூக்கம் அறவே போயிருந்தது. புரளவும் முடியாமல், சொல்லவும் முடியாமல் விடிய விடியச் சாமியாரே சாமியாரே என்று முனகுவார். அக்காவும் கூடவே விழித்திருப்பாள். தூக்கம்தான் இப்போது மருந்து, தூங்கவிட்டால்தான் மூளை தேறும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "இப்பத்தான் தானா கண்ண மூடுனாரு," என்று அக்கா கிசுகிசுத்தாள். அவள் கண்ணின் கீழே கறுத்துப்போயிருந்தது. "எத்தன நாளாச்சு இப்படித் தூங்கி. நீ பக்கத்துல உக்காந்திரு. நான் போயித் தலைக்கு ஊத்திட்டு வந்துடறேன். உடம்பெல்லாம் மருந்து நாத்தம். எழுப்பிடாதப்பா, என்ன?"

"நான் எழுப்பலக்கா."

அவள் பூப்போட்ட கோப்பையில் டீயை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனாள். சாமியார் எதிரே முக்காலியில் உட்கார்ந்தார். ஜன்னல் திரை லேசாக ஆடியது. அத்தான் பிரம்பு நாற்காலியில் தலையைச் சாய்த்துத் தூங்கினார். வலது கை துணிப்பட்டையில் கட்டி மடியில் கிடந்தது, இடது கை நாற்காலிக் கைப்பிடி மேல் இருந்தது. நல்ல தூக்கம். தூங்கட்டும், நன்றாகத் தூங்கட்டும், என்று சாமியார் மனதார நினைத்தார். உள்ளே தண்ணீர் விழும் சத்தமும், நடுவே அக்கா தொண்டையைச் செருமும் சத்தமும் கேட்டன. அவரும் அத்தானும் எதிரெதிரே இப்படி உட்கார்ந்து எவ்வளவு நாளாயிற்று!

அப்போது அந்த இடது கை நழுவியது. நல்ல கை. கைப்பிடியிலிருந்து மெதுவாக, அதே மாதிரி, அவசரமே இல்லாமல் நழுவி நாற்காலிக்கு வெளியே தொங்கியது.

தூங்குகிறவன் கை நழுவாமல் என்ன செய்யும்? இது சாமியாருக்குத் தெரியாதா? தெரியும். மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார். ஏறியது. இறங்கியது. அப்புறம் ஏறியதா, திரை ஆடிய நிழலா என்று தெரியவில்லை. கண்ணை மூடித் தன் மூச்சைப் பிடிக்கப் பார்த்தார். மூச்சு கைக்கு அகப்படவில்லை. மனதில் எழுவது எதுவோ அதற்கு அதன் பெயரைச் சொல், சொன்னால் அது அடங்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவர், பயம், பயம், பயம் என்று சொல்லிப் பார்த்தார். அது அடங்கவா செய்தது? பேர் சொல்லிக் கூப்பிட்டதும் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. எழுப்பக் கூடாது. எழுப்பாமல் இருந்து என்ன ஆயிற்று? எழுப்பிடாதப்பா என்றாள். பார்த்தாயா என்றும் கேட்டாளே! அத்தானின் வாய் ஓரத்தில் எச்சில் மினுங்கியது. அதைப் பார்த்ததுதான் தாமதம், சாமியார் முக்காலியைத் தள்ளிவிட்டுப் பாய்ந்து இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். "அத்தான்! அத்தான்! அத்தான்!"

அத்தான் தூக்கிவாரிப்போட்டு விழித்தார். கண் எங்கெங்கோ போயிற்று. எங்கே இருக்கிறோம், யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியாமல் இடது கையால் காற்றைத் துழாவி, "சாமியாரே! சாமியாரே!" என்று கத்தினார். பிறகு கதறி அழ ஆரம்பித்தார். கோப்பை உருண்டு டீ தரையில் ஓடியது.

குளியலறைக் கதவு சுவரில் மோதித் திறந்தது. சொட்டச் சொட்ட ஈரத்தலையோடு, புடவையை எப்படியோ சுற்றிக்கொண்டு அக்கா ஓடி வந்தாள். புருஷனைப் பார்த்தாள், அவர் தோள்மேல் இருந்த தம்பியின் கைகளைப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்பது தெரிய அவளுக்கு ஒரு கணம் ஆயிற்று.

"என்னடா பண்ண?"

"கை சரிஞ்சுதுக்கா. நான் பயந்து…"

"எழுப்ப வேண்டிய அன்னைக்கு எழுப்பாம குத்துக்கல்லாட்டம் உக்காந்து வேடிக்க பாத்த!" அக்காவின் குரல் உடைந்து தெருவரைக்கும் போயிற்று. "இன்னைக்கு எதுக்குடா எழுப்புன பாவி? ஒரு மணி நேரம் தூங்குனாரா அந்த மனுஷன்? உன்கிட்ட ஒப்படைச்சுட்டு ஒரு சொம்பு தண்ணி தலையில ஊத்திக்க முடியல. ஒருதடவ ஒப்படைச்சது பத்தாதா எனக்கு? போங்க போங்கன்னு கழுத்தப் புடிச்சுத் தள்ளாத கொறையா அனுப்புனது நான்தானடா! உன்னையாவது இப்படித் திட்டலாம். என்னை யார்றா திட்டுறது? நான் எங்க போயி முட்டிக்குவேன்?"

அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த கட்டிலின் விளிம்பில் சரிந்து உட்கார்ந்தாள். அழவில்லை, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. சாமியார் தரையில், சிந்திய டீயின் மேலேயே உட்கார்ந்திருந்தார். இதற்காகத்தானே இத்தனை நாள் ஏங்கினார்? வந்துவிட்டது. வந்ததும் எல்லாம் லேசாகிவிடும் என்று நினைத்தது எவ்வளவு மடத்தனம்! ஒன்றும் லேசாகவில்லை. அக்கா சுமந்துகொண்டிருந்தது என்னவென்று தெரிந்ததுதான் மிச்சம். அதில் ஒரு ஓரத்தைப் பிடிக்கக்கூட அவருக்கு வழி தெரியவில்லை. உன்மேல் தப்பில்லை அக்கா, அந்த நேரத்தில் உனக்கு என்ன தெரிந்ததோ… நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார்.

அத்தானின் அழுகை தானாக ஓய்ந்தது. அவர் பெண்டாட்டியைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், தரையில் உருண்டு கிடந்த பூப்போட்ட கோப்பையைப் பார்த்தார். இடது கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் ஏதோ ஒரு யோசனை வந்து ஒட்டப் பார்த்து, நழுவி, மறுபடி வந்தது. தொண்டையைச் செருமினார்.

"சாமியாரே," என்றார்.

சத்தம் இல்லை, மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அந்த இழுப்பு இருவருக்கும் தெரிந்த சந்தை இழுப்பு. அக்கா தலையைத் தூக்கினாள். அவளுடைய கூந்தலிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"சாமியாரே," என்றார் மறுபடியும், கொஞ்சம் ஏற்றி. இடது கை நாற்காலியிலிருந்து எழுந்தது. மெல்ல மெல்லத் தோளைத் தாண்டி, காதைத் தாண்டி, தலைக்கு மேலே போய் அப்படியே நின்றது. கட்டிலில் இருந்த அக்காவும் தரையில் இருந்த சாமியாரும் மூச்சு விடாமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது இன்னும் இறங்கவில்லை.